பாம்புப் பிள்ளையின் அம்மா சொல்வது

கண்ணு,

பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்கவைக்கப் போகிறாயாமே. பாடத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. 14 வயது நிறைந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடம் போதும். அது தெரிந்த வழி. நாள் முழுக்க உன் கண்ணெதிரே இருக்கும் பிள்ளை, உனக்குத் துளியும் ருசிக்காத ஒன்றிலே மூழ்கிக் கிடக்கும் பார், அதற்குத்தான் வழி தெரியாமல் தவிப்பாய். என் மகனுக்கு ஏழு வயதில் பாம்புக் கிறுக்குப் பிடித்தது. எனக்கோ படத்தில் பார்த்தாலே உடம்பு கூசும்.

1. நடிக்காதே. காய் நறுக்கிக்கொண்டே "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் நிறுத்திக் கேட்டான்: "கண்ணாடி விரியனுக்கும் மண்ணுளிக்கும் என்ன வித்தியாசம் சொன்னேன்?" நான் விழித்தேன். "நீ கேக்கவே இல்லம்மா." அதன்பிறகு உண்மையைச் சொல்லிவிட்டேன். எனக்குப் பாம்பு பிடிக்காதுதான், ஆனால் தினம் பத்து நிமிஷம் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன் என்று. பிள்ளைக்கு அது போதுமாயிருந்தது.

2. பாடமாக்காதே. நான் செய்ததிலேயே பெரிய பிழை இது. பாம்பில் ஆசை இருக்கிறதே, அதை வைத்தே எழுத்தும் கணக்கும் வாங்கிவிடலாம் என்று கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். நாகத்தைப் பற்றிப் பத்து வரி எழுது, நாலு பாம்பின் நீளத்தைக் கூட்டு என்றெல்லாம் நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். எழுதினான். பிழைக்குச் சிவப்பு மையில் வட்டமும் போட்டேன். அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்தப் பிள்ளை வாயில் பாம்பு என்ற சொல்லே வரவில்லை. செடி வளர்ந்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தவள் நான்.

3. உன் பயம் வேறு, ஆபத்து வேறு. இரண்டையும் குழப்பாதே. தொடக்கூடாது, பிடிக்கக்கூடாது, தூரத்திலிருந்துதான் பார்க்கவேண்டும் என்பது ஆபத்துக்காகப் போட்ட சட்டம். அதில் நான் இளகியதே இல்லை. பாம்பைப் பிடித்து வைத்துக்கொள்வது 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படியும் குற்றம். ஆனால் புத்தகத்தை ஒளித்து வைத்தேன் பார், அது என் பயம். கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு, மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்று என் பாட்டி சொன்ன கதையை அவனுக்கும் சொல்லி மிரட்டினேன். "அதுக்கு விஷமே இல்லம்மா" என்றான். அன்று தோற்றுப்போனது எனக்கு நல்லதாயிற்று. பிள்ளையிடம் தோற்கத் தெரியாதவர்களுக்கு வீட்டுக்கல்வி ஆகாது.

4. தெரிந்தவர்களிடம் அழைத்துப் போ. நீயே குருவாக வேண்டும் என்று யார் சொன்னது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குள் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷம் எடுத்துக் காட்டுகிறது. பாம்புத்தோல் வியாபாரம் தடையாகிப் பிழைப்பிழந்த இருளர்களுக்காக 1978இல் தொடங்கிய சங்கம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கையும் மண்பானையில் வைத்திருந்து, சில வாரம் விஷம் எடுத்துவிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. இருளரான மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே பாம்பை அறிகிறவர்களின் முன்னால் என் பிள்ளை வாய்மூடி நின்றான். அந்த அடக்கத்தை நான் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. பிள்ளையைக் கூட்டிப்போவதும், குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்வதும், முடியும்வரை முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பதும்தான் என் பங்கு.

5. தண்டனைக்காக அதைப் பறிக்காதே. "கணக்கை முடிக்காவிட்டால் பாம்புப் பண்ணை கிடையாது" என்று ஒருமுறை சொன்னேன். கணக்கை முடித்தான். பண்ணைக்கு வரமாட்டேன் என்றுவிட்டான்.

6. விட்டுவிட்டால் விடு. என் மகளுக்கு டவுன் பஸ் தடங்களில் மோகம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரை 29சி-யில் எத்தனை தடவை போய்வந்திருப்பேன்! ஒரு தீபாவளிக்குப் பிறகு அவளுக்கு எல்லாம் சலித்துவிட்டது. "இவ்வளவு அலைந்தேனே" என்று சொல்லிக்காட்டினேன். இன்றுவரை அதை நினைத்தால் கூச்சமாயிருக்கிறது. அலைந்ததற்குக் கணக்கு வைக்காதே.

7. கல்யாண வீட்டில் யாராவது "பாம்பு சோறு போடுமா?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டுப் பந்திக்குப் போ. பிள்ளையின் எதிரில் மட்டும் அவர்களோடு சேர்ந்து சிரிக்காதே. நான் ஒருமுறை சிரித்துவிட்டேன்.

உன் பிள்ளைக்கு எறும்பு என்றாயே, நல்லது. பாம்பும் பார்க்கட்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை வடநெம்மேலிக்குப் போகலாம். நானும் வருகிறேன். புளிசாதம் நான் கட்டிக்கொள்கிறேன், நீ குடை எடுத்து வா. அங்கே வெயில் அதிகம்.