ஹைட்டிக்குப் புறப்படும் ஜெனிக்கு

என் ஜெனி மக்கா,

ஹைட்டியில் மருத்துவமனை நிர்வாகத்தை ஏற்கப் போகிறாய் என்று உன் அம்மா போனில் சொல்லி அழுதாள். நான் அழவில்லை, ஆனால் அன்று ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. ஸ்கூட்டி சாவியைத் தேடித் தினமும் வீட்டையே புரட்டிப் போடுகிற பிள்ளையிடம் மருந்துக் கிடங்குச் சாவியைக் கொடுக்கப் போகிறார்களே!

போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2010 நிலநடுக்கத்துக்குப் பிறகு நானும் அங்கே நர்ஸாக இருந்தவள்தானே. ஆனால் நான் பார்த்த தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் இடிபாடும் கூடாரமுமாகக் கிடந்தது. இன்று அந்த நகரத்தின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில். 2024-ல் மட்டும் நாட்டில் 5,600 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள் என்கிறது ஐ.நா. கணக்கு.

போய்ச் சேர்ந்ததும் கணக்குப் புத்தகத்தைத் திறக்காதே. முதலில் செப்டிக் டேங்கைப் போய்ப் பார். முகத்தைச் சுளிக்காதே, காரணத்தைக் கேள். 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்து, நூறு வருஷமாகக் காலராவே தெரியாதிருந்த அந்த நாட்டில் நோய் பரவியது. ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். தன் பங்கை ஐ.நா. ஒப்புக்கொள்ள 2016 வரை ஆனது. அந்தக் காலரா வார்டில் நின்றவள் நான். நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே ஒரு வாளி, கையில் ட்ரிப்ஸ். தோல் சுருங்கிப்போன ஒரு குழந்தையின் கையில் நரம்பு கிடைக்காமல் எவ்வளவு நேரம் தேடினோம் தெரியுமா? உதவ வந்தவர்களின் முகாமிலிருந்து வந்த வினை அது.

அடுத்து, உன் டிரைவர். எங்கள் டிரைவர் காலையில் வண்டி எடுக்குமுன் நாலு பேருக்குப் போன் போடுவார். எந்த முக்கில் டயர் எரிகிறது, எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சாவியைத் தொடுவார். அவர் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். நீ வாதாடுவாய், பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக் கோப்பைகளைத் துடைத்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆனால் மக்கா, நீ மேலதிகாரி. நீ வற்புறுத்தினால் வேலை போய்விடுமே என்று பயந்துகொண்டே ஓட்டுவார். உனக்கு ஒன்று என்றால் தூதரகம் கேட்கும், பேப்பரில் வரும். அவருக்கு ஒன்று என்றால் கேட்க யார் இருக்கிறார்கள்? 2025 ஆகஸ்டில் கென்ஸ்காஃப் மலைப்பகுதியிலிருந்த அனாதை இல்லத்தில் அயர்லாந்துக்காரரான ஜீனா ஹெராட்டியைக் கடத்தினார்கள். அந்த மாதக் கடைசியில் விட்டுவிட்டார்கள், கடவுள் புண்ணியம். அவர் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. கூடவே பிடித்துக்கொண்டு போன ஊழியர்களின் பெயர் நமக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊரே உன்மேல் உயிரை வைத்திருந்தாலும் அதைக் காவலென்று எண்ணிவிடாதே. இத்தாலியச் சகோதரி லூயிசா டெல்லோர்ட்டோ அங்கே இருபது வருஷம் ஏழைப் பிள்ளைகளோடு வாழ்ந்தவர். 2022 ஜூனில் நடுத்தெருவில் சுட்டுக் கொன்றார்கள்.

ஃபாதர் ரிக் ஃப்ரெஷெட் என்று ஒருவர் இருக்கிறார், அமெரிக்கர். ஹைட்டியில் பாதிரியாராக இருந்துகொண்டே பிற்பாடு படித்து டாக்டரானவர். யாரும் கேட்டு வராத பிணங்களைப் பிணவறையிலிருந்து எடுத்துப் போய் ஜெபம் சொல்லி அடக்கம் செய்தவர். அதைவிடப் பெரிதாக எனக்குத் தோன்றுவது வேறு. அவரிடம் அனாதை இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று அவருடைய செயின்ட் லூக் அறக்கட்டளையின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் நடத்துகிறார்கள். நீயும் போய்ச் சேர்ந்த மாதமே உன் நாற்காலிக்கு ஊர்க்காரர் ஒருவரைப் பழக்கத் தொடங்கு. செக்கில் அவரும் கையெழுத்துப் போடட்டும். விமானம் நின்று, நீ வெளியேற வேண்டிய நாள் வந்தாலும் மறுநாள் காலை ஓ.பி. திறக்க வேண்டும்.

காலையில் உள்ளே நுழையும்போது காத்திருப்பவர்கள் எல்லோருக்கும் "போன்ஜூ" சொல். சொல்லாமல் தாண்டிப் போனால் அங்கே அது மரியாதைக் குறைவு. பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடாதே, நன்கொடை வரும் என்று யார் சொன்னாலும்.

டைபாய்டு ஊசி போட்டாயா? உன் டிரைவர் நம்பரை எனக்கு அனுப்பு, என் நம்பரை அவரிடம் கொடு. சனிக்கிழமை தவறாமல் அம்மாவிடம் பேசு. அவளிடம் சொல்ல முடியாததை எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தி