ஒரு கோழியினம் உருவான கதை

வைகறையில் சேவல் கூவக் கேட்டு எழும் நாம், அதன் தலைமேல் உள்ள கொண்டையை என்றாவது உற்று நோக்கியிருக்கிறோமா? சிவந்து தடித்த அந்தச் சதைப்பகுதியில் இரத்த ஓட்டம் மிகுதி. நம் நாட்டு வெயிலில் உடற்சூட்டைத் தணிக்க அது துணை செய்கிறது. ஆனால், ஏரிகளெல்லாம் உறைந்துபோகும் கனடா நாட்டுக் குளிர்காலத்தில் அதே கொண்டை கோழிக்குப் பெருந்துன்பமாகிவிடுகிறது. கடுங்குளிரில் கொண்டையும் தாடியும் உறைந்து, கருத்து, நுனி உதிர்ந்துவிடுவதும் உண்டு. வலியால் வாடும் கோழி சரிவர முட்டையிடாது.

இத்துன்பத்துக்கு மாற்றுத் தேடியவர் ஒரு துறவி. அவர் கண்ட மாற்று ஒரு புதிய கோழியினம். ஒரு தூய இனம் எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு மேம்படுகிறது, எவ்வாறு காக்கப்படுகிறது என்பதை அவருடைய வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

ஓக்கா மடத்துத் துறவி

கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மான்ட்ரியால் நகருக்கு அருகே உள்ளது ஓக்கா என்னும் சிற்றூர். 1881ஆம் ஆண்டு திராப்பிஸ்ட் சபைத் துறவியர் அங்கே ஒரு மடத்தை நிறுவினர். செபத்தையும் உழைப்பையும் இரு கண்களாகப் போற்றிய அவர்கள் நிலத்தை உழுதனர், பாலாடைக்கட்டி செய்தனர், வேளாண்மைப் பள்ளியும் நடத்தினர். அங்கே கோழிப்பண்ணையைக் கவனித்து வந்தவர் அருட்சகோதரர் வில்பிரிட் ஷாட்லென்.

கனடாவின் பண்ணைகளில் இருந்த கோழிகள் யாவும் பிற நாட்டு இனங்களாகவே இருப்பதை அவர் கண்டார். தம் நாட்டுக் குளிரைத் தாங்கும் இனம் ஒன்று வேண்டும் என்று 1907-08ஆம் ஆண்டளவில் முயற்சியைத் தொடங்கினார். அவருடைய நோக்கங்கள் தெளிவானவை: கோழி குளிர்காலத்திலும் முட்டையிட வேண்டும், உடல் சதைப்பற்றுடன் இருக்க வேண்டும், கொண்டையும் தாடியும் இயன்றவரை சிறுத்திருக்க வேண்டும். திராப்பிஸ்ட் துறவியர் இறைச்சி உண்ணாதவர்கள். ஆகவே, இவ்வுழைப்பு முழுவதும் பிறருக்காகவே என்பது நாம் நினைந்து மகிழத்தக்கது.

ஐந்து இனங்கள் கலந்தன

முதலில், கருநிறக் கார்னிஷ் சேவலை வெள்ளை லெகார்ன் பெட்டையுடன் சேர்த்தார். ரோட் ஐலண்டு ரெட் சேவலை வெள்ளை வயன்டாட் பெட்டையுடன் சேர்த்தார். முதற்சேர்க்கையில் பிறந்த விடைக்கோழிகளை இரண்டாம் சேர்க்கையில் பிறந்த சேவல்களோடு இணைத்தார். அவற்றின் வழிவந்த நல்ல விடைக்கோழிகளைத் தேர்ந்து, வெள்ளைப் பிளிமத் ராக் சேவலோடு சேர்த்தார். லெகார்ன் முட்டைக்குப் பெயர் பெற்றது. கார்னிஷ் சதைப்பற்றுக்குப் பெயர் பெற்றது. அந்தக் கார்னிஷ் இனமோ, நம் இந்திய நாட்டு அசீல் கோழியின் வழியில் இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டதாகும். முன்னாளில் அதற்கு ‘இந்தியன் கேம்’ என்றே பெயர்.

ஆனால், கலந்துவிட்டால் மட்டும் புதிய இனம் உண்டாகிவிடுமா? இல்லை. தன்னைப் போன்ற குஞ்சுகளையே தலைமுறைதோறும் ஈனுவதுதான் தூய இனம். கலப்புக் கோழியின் குஞ்சுகளோ ஒன்று போல் ஒன்று இருப்பதில்லை. இதன் காரணத்தை விளக்கியவரும் ஒரு துறவியே!

மெண்டல் காட்டிய வழி

புனித அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த கிரகோர் மெண்டல், பட்டாணிச் செடிகளில் கண்ட மரபு விதிகளை 1866இல் வெளியிட்டார். உலகம் அவற்றை உணர்ந்தது 1900ஆம் ஆண்டில்தான். இவ்விதிகள் விலங்குகளுக்கும் பொருந்தும் என்று கோழிகளைக் கொண்டு காட்டியவர் இங்கிலாந்து அறிஞர் வில்லியம் பேட்சன். அவரும் தாவரவியல் அறிஞரான ஈடித் சாண்டர்ஸ் அம்மையாரும் 1902இல் தங்கள் ஆய்வுகளை ஒரே அறிக்கையாக வெளியிட்டனர்.

இதற்கு வெண்ணிற இறகு நல்ல எடுத்துக்காட்டு. வெள்ளை லெகார்னின் வெண்மை ஓங்கு பண்பு. பிற நிறங்களை அது மறைத்துவிடும். வெள்ளை வயன்டாட்டின் வெண்மையோ ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றால்தான் வெளிப்படும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளைதான். இவ்விரண்டையும் சேர்த்தால் பிறக்கும் குஞ்சுகள் யாவும் வெள்ளையாக இருக்கும். ஆனால், அக்குஞ்சுகள் வளர்ந்து தமக்குள் இணையும்போது, சராசரியாக 16 குஞ்சுகளுக்கு 3 குஞ்சுகள் நிறமுடையனவாகப் பிறக்கும்! பாட்டியிடம் மறைந்திருந்தது பேத்தியிடம் வெளிப்படுகிறது. ஆகையால், இறகைப் பார்த்து மட்டும் ஒரு கோழியை மதிப்பிடலாகாது.

தேர்ந்தெடுக்கும் முறை

இனத்தை மேம்படுத்த விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது குறிப்பேடு எழுதுவதாகும். ஒவ்வொரு கோழிக்கும் காலில் எண்ணிட்ட வளையம் வேண்டும். எந்தக் கோழி முட்டையிட்டது என்பதை அறிய, கோழி நுழைந்ததும் கதவு தானே மூடிக்கொள்ளும் பெட்டிகளை வைப்பார்கள். முட்டையில் எண் எழுதிய பின்பே கோழியை வெளியே விடுவார்கள். இவ்வாறு தாய், தந்தை, முட்டைகளின் எண்ணிக்கை, பொரித்த குஞ்சுகள், இறந்தவை ஆகிய யாவும் ஏட்டில் ஏறும்.

சேவல் முட்டையிடுவதில்லை. ஆயினும், அதன் மகள்கள் முட்டையிடும் திறனில் பாதி அதனிடமிருந்தே வருகிறது. அதை எப்படி அறிவது? அச்சேவலின் உடன்பிறந்த பெட்டைகளையும், பின்னர் அதன் மகள்களையும் கணக்கெடுத்தே அறிய வேண்டும். கம்பீரமாக நடக்கும் சேவலின் மகள்கள் மலடாக இருக்கலாம். பார்வைக்கு எளிய சேவலின் மகள்கள் கூடை நிறைய முட்டையிடலாம். மரமும் கனியும் பற்றிய நற்செய்தி உவமை இங்கே நம் நினைவுக்கு வருகிறது.

ஒரே நேரத்தில் பத்துப் பண்புகளைத் திருத்த முற்பட்டால் எதுவும் திருந்தாது. இன்றியமையாத இரண்டு அல்லது மூன்று பண்புகளை முதலில் நிலைப்படுத்தி, மற்றவற்றைப் பின்னர் கவனிப்பதே முறை. நலமும் உயிர்த்துடிப்பும் இல்லாத பறவையை, எத்துணை அழகாயிருப்பினும், இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பண்பை நிலைப்படுத்த நெருங்கிய உறவுக் கோழிகளையே மீண்டும் மீண்டும் இணைத்தால், மறைந்திருந்த குறைகளும் சேர்ந்து வெளிப்படும். முட்டைகள் பொரியாமல் போகும். குஞ்சுகள் நலிந்து மடியும். இதைத் தவிர்க்கக் கோழிகளை நான்கைந்து குடும்பங்களாகப் பிரிப்பார்கள். மகள்கள் தாயின் குடும்பத்திலேயே இருக்க, சேவல்கள் மட்டும் ஆண்டுதோறும் அடுத்த குடும்பத்துக்குச் செல்லும். சிறிய மந்தையும் இம்முறையால் நெடுங்காலம் வலிமை குன்றாமல் இருக்கும்.

பெற்றதும் இழக்கவிருந்ததும்

ஏறக்குறைய பத்தாண்டுப் பொறுமைக்குப் பின், 1918இல் அருட்சகோதரர் வில்பிரிட் தம் கோழியை உலகுக்குக் காட்டினார். பிரெஞ்சு மொழியில் பாடுதல், தெளிவு எனப் பொருள்படும் இரு சொற்களை இணைத்து, ‘ஷாண்டக்ளேர்’ என்று அதற்குப் பெயரிட்டார். தூய வெண்ணிறம், தலையோடு படிந்த சிறிய கொண்டை, இருப்பதே தெரியாத தாடி! சேவல் ஏறக்குறைய 4 கிலோவும் பெட்டை 3 கிலோவும் எடையுள்ளவை. 1921இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் இதனைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது.

ஆனால், கதை இத்துடன் முடியவில்லை. பெரும் பண்ணைகள் வந்தன. முட்டைக்கென ஒருவகைக் கோழியும் இறைச்சிக்கென வேறொரு வகையும் பல்லாயிரக்கணக்கில் வளர்க்கப்பட்டன. ஷாண்டக்ளேரை மறந்தார்கள். 1979ஆம் ஆண்டளவில் அவ்வினம் அற்றுப்போயிற்று என்றே பலரும் நம்பினர். நல்ல வேளையாக, சில சிறு பண்ணையினர் அதைக் கைவிடாமல் வளர்த்து வந்தனர். அவர்களிடமிருந்தே இனம் மீண்டும் தழைத்தது. 1999இல் கியூபெக் அரசு, தன் மாநிலத்தின் வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக இதனைச் சட்டத்தின் மூலம் அறிவித்தது. மடத்துத் துறவியர் 2009இல் ஓக்காவை விட்டு வேறிடம் சென்றனர். அவர்களுடைய கோழியோ இன்றும் கூவிக்கொண்டிருக்கிறது.

தோழியரே, இதிலிருந்து நாம் அறிவது யாது? ஓர் இனம் ஒருமுறை செய்து முடித்து வைக்கும் பொருளன்று. ஆண்டுதோறும் ஒருவர் பார்த்து, எழுதி, தேர்ந்தெடுத்து வந்தால்தான் அது நிலைக்கும். கவனிப்பார் இல்லையேல் பத்தாண்டு உழைப்பும் சில தலைமுறைகளில் கரைந்துவிடும். நம் வீட்டு முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழிக்கும் இது பொருந்தும். அடுத்த முறை அடைவைக்கும்போது, கிடைத்த முட்டைகளை எல்லாம் வைக்காமல், நோயின்றி வளர்ந்து நன்றாக முட்டையிடும் கோழியின் முட்டைகளைத் தேர்ந்து வைப்போம். அன்றே ஒரு சிறு குறிப்பேட்டையும் தொடங்குவோம். இறைவன் தந்த படைப்பைப் பேணும் பணியில் அதுவே நமது முதற்படியாகட்டும்.