பத்தாயத்துக்குள் பழைய தோட்டா



இந்த மாதப் பாடம் சேமிப்பு, கடன், வட்டி பற்றியது இல்லை. "நம்ம வீட்டுல இதெல்லாம் ஏது?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டிவிடலாம். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். பரண், பத்தாயம், டிரங்குப் பெட்டி இருக்கிற வீடு என்றால் இது உங்களுக்கும்தான்.

சுவாமிமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் நம் உறுப்பினர் ஒருவரின் மாமனார் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, பழுதாகிக் கிடந்த பத்தாயத்தைப் பிரித்தார்கள். அடியில் சாக்குத் துணி சுற்றிய ஒரு தகரப் பெட்டி. உள்ளே பதினேழு தோட்டாக்கள். காகிதக் கூடு ஊதிப் போய், அடியில் பித்தளை பச்சையாகப் பூத்திருந்தது. மாமனாரின் அப்பா ஒரு மிராசுதார் வீட்டில் காவலுக்கு இருந்தவராம். துப்பாக்கி என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. லைசென்ஸ் காகிதமும் இல்லை.

மூத்த மைத்துனர் "ஆத்துல போட்டுடு" என்றார். இளையவர் "பித்தளை, ஈயம் ரெண்டும் நல்ல விலை போகும், பழைய இரும்புக் கடைக்குப் போடலாம்" என்றார். அந்தச் சகோதரி இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாமல் வாராந்திரக் கூட்டத்தில் வந்து சொன்னார். தவணை வசூல் முடிந்திருந்த நேரம். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் சொன்னார்: "போலீசுக்குச் சொன்னா நம்மளையே புடிச்சு உக்கார வெச்சுடுவாங்க. பேசாம குழி தோண்டிப் புதைச்சுடு."

அந்தப் பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, சட்டத்தையும் பார்த்து இதை எழுதுகிறோம்.

நம் டெல்டாவில் துப்பாக்கி வைத்திருந்த வீடுகள் அந்தக் காலத்தில் இருந்தன. களத்துக் காவலுக்கும், பன்றி விரட்டவும், வயலில் இறங்கும் உள்ளான், நாரை சுடவும் வைத்திருந்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டை நின்றுபோனது. துப்பாக்கியைச் சிலர் விற்றார்கள், சிலர் ஒப்படைத்தார்கள். ஆனால் மிச்சமிருந்த நாலு தோட்டாவை யார் கணக்கு வைத்தார்கள்? அவை பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டன. பிளாஸ்டிக் கூடு போட்ட தோட்டா 1960-களுக்குப் பிறகுதான் பரவியது. காகிதக் கூடாக இருந்தால் பெரும்பாலும் தாத்தா காலத்துச் சரக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்னெண்டு போர் தோட்டாவுக்குள் என்ன இருக்கிறது? அடியில் பித்தளைத் தொப்பி. அதன் நடுவில் சின்னப் பொட்டு மாதிரி ஒரு கேப்பு. அதற்கு மேல் வெடிமருந்து, நடுவில் அடைப்பு, அதற்கும் மேலே ஈய ரவை. அடி விழுந்தால் கேப்பு பற்றும், அது மருந்தைப் பற்ற வைக்கும். ஐம்பது அறுபது வருடம் ஆனால் மருந்து செத்துப்போயிருக்கும் என்று நினைக்கிறோம். செத்தும் இருக்கலாம், சாகாமலும் இருக்கலாம். வெளியே நின்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. நனைந்த மருந்து காய்ந்தால் மறுபடி பற்றுவதும் உண்டு. கேப்பின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் வெடித்துப்போன காலிக் கூடு என்று சிலர் சொல்வார்கள். ஆனால் ஊசி அடித்தும் வெடிக்காமல் போன தோட்டாவிலும் அதே பள்ளம்தான் இருக்கும். ஆகவே நாமே பிரித்துப் பார்த்து முடிவு கட்ட வேண்டாம்.

ஆற்றில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். காவிரியில் கோடையில் தண்ணீர் வற்றி மணல் தெரியும்போது அங்கே விளையாடுவது நம் பிள்ளைகள்தான். குளத்திலோ வயலிலோ வீசினால் கூடு மக்கி ஈய ரவை சிதறும். வாத்து, தீனியோடு சின்னக் கல்லையும் பொறுக்கி விழுங்கும் பறவை. ரவையையும் கல் என்று விழுங்கிவிடும். ஈயம் உடம்பில் ஏறினால் வாத்து மெலிந்து செத்துப்போகும். அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்களே! ஈயம் சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கெடுக்கும். வலைக்குக் குண்டு கட்டலாம் என்று தோட்டாவை அறுத்து ரவை எடுக்கிற வேலையும் வேண்டாம்.

அடுப்பில் போடுவதைச் சொல்லவே வேண்டியதில்லை. துப்பாக்கிக் குழல் இல்லாவிட்டாலும் கூடு வெடித்துப் பித்தளைத் துண்டு பறக்கும். கண் போய்விட்டால் திரும்ப வராது.

பழைய இரும்புக் கடை விஷயம் நம் ஊருக்கு இன்னும் முக்கியம். சுவாமிமலை என்றால் முருகன் கோயிலோடு ஐம்பொன் சிலையும் நினைவுக்கு வரும். பட்டறைகளில் செம்பும் பித்தளையும் மூசையில் உருகுகின்றன. நாம் கடையில் போட்ட பித்தளை எந்த உலைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. உலை முன்னால் நிற்பது நம் ஊர்ப் பிள்ளையாகவே இருக்கலாம். 2004-ஆம் ஆண்டு தில்லிக்குப் பக்கத்தில் சாகிபாபாத்தில் ஓர் உருக்கு ஆலையில், வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இரும்போடு கலந்து வந்த வெடிக்காத குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். அது போர்க்களத்துக் குண்டு, தோட்டாவை விடப் பல மடங்கு பெரியது. ஆனாலும் உலைக்குள் போவது என்ன என்று தெரியாமல் போட்டதுதான் அங்கே நடந்தது.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருக்கவும் லைசென்ஸ் வேண்டும். "துப்பாக்கிதான் இல்லையே" என்பது பதில் ஆகாது. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் அந்த உரிமை தானாக மகனுக்கோ மருமகளுக்கோ வராது. தெரிந்தே வைத்துக்கொண்டிருந்தால் சிறைத்தண்டனை வரை போகும்.

அதே சட்டத்திலேயே வழியும் இருக்கிறது. வைத்திருக்கும் உரிமை இல்லாமல் போன ஆயுதத்தையும் தோட்டாவையும், வீண் தாமதம் செய்யாமல் பக்கத்துக் காவல் நிலைய அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 21-ஆம் பிரிவு சொல்கிறது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடமும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒப்படைக்கலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததாக வழக்குத் தொடர வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்று 39-ஆம் பிரிவு சொல்கிறது. தெரியாமல் கையில் இருந்ததும் தெரிந்து வைத்திருந்ததும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே விளக்கியிருக்கிறது. ஆக, கண்ணில் பட்ட நாளிலிருந்து நாம் என்ன செய்தோம் என்பதுதான் பேச்சு. அன்றே சொன்னவருக்கும், புதைத்து வைத்து ஆறு மாதம் கழித்து அகப்பட்டவருக்கும் வித்தியாசம் உண்டு.

2018-இல் ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகத் தோட்டாக்கள் கிடைத்தன. இலங்கைப் போராளிக் குழுக்கள் 1980-களில் விட்டுப்போனவை என்றார்கள். தோண்டியவுடன் காவல்துறைக்குச் சொல்லிவிட்டார்கள். மற்றதெல்லாம் அதிகாரிகள் பார்த்துக்கொண்டார்கள். நம் பதினேழு எம்மாத்திரம்?

எப்படிச் சொல்வது? பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். வெடிபொருளைப் பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோகக் கூடாது. இருந்த இடத்திலேயே விட்டு, அடுப்பு, விளக்கு, பிள்ளைகள் பக்கம் வராமல் அறையைப் பூட்டுங்கள். பித்தளையைத் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். துப்பாக்கியும் கூடவே கிடந்தால், அதற்குள் மருந்து கெட்டித்து இருக்கிறது என்றே நினைத்துத் தொடாமல் விடுங்கள். நாட்டுத் துப்பாக்கியில் போட்ட மருந்து பல வருடம் அப்படியே கிடக்கும். பிறகு காவல் நிலையத்துக்கோ 112-க்கோ போன் செய்து, "வந்து எடுத்துக்கிறீங்களா, எப்படிக் கொடுக்கணும்?" என்று கேளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். ஊக்குநரையோ பிரதிநிதியையோ கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். மனு இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதி, கையெழுத்து, முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காகிதம் முக்கியம். பாஸ்புக் மாதிரிப் பத்திரமாக வையுங்கள்.

குடும்பத்தில் யாராவது துப்பாக்கியை வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால், 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி சட்டப்படியான வாரிசு லைசென்ஸ் கேட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். வயது 21 ஆகியிருக்க வேண்டும். முடிவு வரும்வரை துப்பாக்கி காவல் நிலையத்திலோ வியாபாரியிடமோதான் இருக்க வேண்டும். ஒப்படைத்த பொருளை, உரிமை உள்ளவருக்கு விற்றுப் பணம் பெறவும் குறிப்பிட்ட காலத்துக்குள் வாரிசுக்கு வழி உண்டு. காலம் தவறினால் அரசுக்குப் போய்விடும். ஊதிப்போன பழைய தோட்டாவுக்கு இந்த அலைச்சல் தேவையா என்றால், எங்கள் அபிப்பிராயம் தேவையில்லை என்பதுதான்.

நம் சகோதரி போனார். குழுவிலிருந்து மூன்று பேர் கூடப் போனோம். எங்கே இருந்தது, யார் பார்த்தது, துப்பாக்கி எங்கே என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னார், தெரியாததைத் தெரியாது என்றார். சாயந்திரம் இரண்டு காவலர்கள் வீட்டுக்கு வந்து, எண்ணிப் பார்த்து, எழுதி வாங்கிக்கொண்டு போனார்கள். "வித்திருந்தா நூறு ரூபா வந்திருக்கும்" என்று இளைய மைத்துனருக்கு இன்னும் வருத்தம்தான்.

அவர் எழுதிய மனுவைக் கொஞ்சம் மாற்றிக் கீழே தருகிறோம். வேண்டியவர்கள் பார்த்து எழுதிக்கொள்ளலாம்.

பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், ........ காவல் நிலையம்.

பொருள்: வீட்டில் கிடைத்த பழைய தோட்டாக்களை ஒப்படைத்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம். என் மாமனார் ........ தேதியில் காலமானார். ........ தேதியன்று வீட்டுப் பத்தாயத்தைப் பிரித்தபோது அதனுள் ........ பழைய தோட்டாக்கள் இருப்பதைக் கண்டோம். இவை இருப்பது அதுவரை எங்களுக்குத் தெரியாது. எங்களிடம் துப்பாக்கியோ லைசென்ஸோ இல்லை. தோட்டாக்களைத் தொடாமல் அதே இடத்தில் பூட்டி வைத்துள்ளோம். இவற்றைப் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டு தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, (பெயர், முகவரி, கையெழுத்து). சாட்சிகள் இருவர்.