புழுக்கத்தில் ஓடும் தங்கைக்கு

தங்கச்சி, அந்தமானின் பெரார்கஞ்சிலிருந்து மாரத்தானுக்குத் தயாராகிறவள் முதலில் கடிகாரத்தைப் பார்த்து மனம் வாடுவதை விட வேண்டும். வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகிப் போனால்தான் குளிரும். காற்றே நனைந்து கிடக்கும் ஊரில் பாதி வியர்வை சும்மா சொட்டி வீணாகிறது. சூட்டை இறக்க உடம்பு ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பும். கால் தசைக்குப் போகவேண்டியதில் பங்கு விழும். இதயம் இன்னும் வேகமாக அடித்து ஈடுகட்டும். நேற்று லேசாக ஓடிய அதே வேகம் இன்று மூச்சிரைக்க வைப்பது இதனால்தான். உன் பயிற்சியில் குறை என்று நினைக்காதே.

பெரிய வீராங்கனைகளுக்கும் இதே கதிதான். 2019 தோஹா உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் நடத்தியும் 68 பேரில் 28 பேரால் முடிக்க முடியவில்லை. நம் நாட்டு ஓ.பி. ஜெய்ஷா 2015-ல் பெய்ஜிங்கில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடியில் ஓடியவர். அடுத்த ஆண்டு ரியோ ஒலிம்பிக் வெயிலில் 2:47:19 ஆனது. ஓடி முடித்ததும் மயங்கி விழுந்தார்.

அதனால் வேகத்தை மூச்சை வைத்து அளந்துகொள். பெரும்பாலான நாட்களில் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். அந்தமானில் மே மாதம் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது, நாலரைக்கே இறங்கிவிடு. தனியாகப் போகாதே, டார்ச் இல்லாமலும் போகாதே. ட்ரங்க் ரோட்டில் வண்டிகளுக்கு எதிர்முகமாக ஓடு. புழுக்கமில்லாத குளிர்ந்த ஊரிலிருந்து திரும்பி வந்தால் இரண்டு வாரம் பொறுமையாக ஓடு. அதற்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பும் குறையும்.

உச்ச வீரர்களை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும், அதில் எத்தனை பங்கை லாக்டேட் ஏறாமல் நெடுநேரம் தாங்கும், ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கும். இவற்றை வைத்தே உடலியல் ஆய்வாளர் மைக்கேல் ஜாய்னர் 1991-ல், மனிதனால் 1:57:58-ல் மாரத்தான் ஓட முடியும் என்று கணக்குப் போட்டார். 2023-ல் கென்ய வீரர் கெல்வின் கிப்டம் சிகாகோவில் 2:00:35-ல் ஓடி அதை நெருங்கினார். முதல் விஷயத்தில் பிறவிக்குப் பெரும் பங்கு. மற்ற இரண்டும் உழைப்புக்கு நன்றாக மசியும். வாரம் ஒருநாள், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் பேச வராத வேகத்தில் இருபது நிமிடம் ஓடு. இன்னொரு நாள் உங்கள் பக்கத்து மேட்டில் சின்னச் சின்ன ஏற்றங்களைத் துள்ளி ஏறு, நடந்து இறங்கு. இந்த விஷயத்தில் உங்கள் ஊர் கொடுத்துவைத்த ஊர்.

பெண்பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது ரத்தத்தை. ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது என்றது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. மாதவிலக்கு அதிகமாகப் போகிறவளாக இருந்தால் இரும்பு குறையலாம், குறைந்தால் எத்தனை கிலோமீட்டர் ஓடியும் முன்னேற்றம் தெரியாது. ஹீமோகுளோபினோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பரிசோதித்துப் பார். அளவு தெரியாமல் இரும்பு மாத்திரை விழுங்காதே. சூரை மீன், ஈரல், கீரை சாப்பிடு, கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள். சாப்பாட்டோடு டீ வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடி.

தசையிலும் ஈரலிலும் சேமிக்கும் மாவுச்சத்து 42 கிலோமீட்டருக்குப் பற்றாது. பலருக்கு முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் கால் இரும்பாவது அதனால்தான். நீண்ட ஓட்டத்தில் அரைமணிக்கொரு தரம் வாழைப்பழமோ சர்க்கரைத் தண்ணீரோ எடுத்து வயிற்றைப் பழக்கு. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக்கொள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு வியர்வை போனது என்று தெரியும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்திருக்கிறாய். அதுவும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும்.

ஓடும்போது வெயிலிலேயே மயிர்க்கூச்செறிந்தாலோ, குளிரெடுத்தாலோ, பேச்சு குழறினாலோ அந்த இடத்திலேயே நின்றுவிடு. நிழலில் உட்கார்ந்து தலை, கழுத்து, அக்குளிலெல்லாம் தண்ணீர் ஊற்றச் சொல், விசிறச் சொல். கூட ஓடுகிறவளுக்கும் இதை இன்றைக்கே சொல்லி வை. அந்த நேரத்தில் உனக்கே நிதானம் இருக்காது.