எலும்பின் பலம்: ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதுமா?

வீட்டில் வயதான உம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்து, "அடர்த்தி பரவாயில்லை" என்று ரிப்போர்ட் வந்தால் நாம் நிம்மதியாகி விடுகிறோம். ஆனால், லேசாக விழுந்து எலும்பு முறிந்தவர்களில் பலருக்கு ஸ்கேன் அளவு எலும்புப்புரை நோய் என்று சொல்லும் எல்லையைத் தொட்டிருப்பதில்லை. எனவே ஸ்கேனோடு சேர்த்து வேறு சிலவற்றையும் நாம் பார்க்க வேண்டும்.

டெக்ஸா சொல்வது என்ன?

எலும்பில் சுண்ணாம்பு முதலிய தாதுக்கள் எவ்வளவு உள்ளன என்பதை அது அளக்கிறது. டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை. ஆனால் சுவரின் பலம் செங்கல்லின் எண்ணிக்கையில் மட்டும் இல்லை. கட்டிய விதத்திலும் இருக்கிறது. எலும்பின் உள்ளமைப்பும் அப்படித்தான். அதை ஓரளவு கணிக்க, முதுகெலும்பு டெக்ஸா படத்திலிருந்தே 'டி.பி.எஸ்.' என்ற மதிப்பெண்ணைச் சில மையங்களில் தருகிறார்கள்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

1. 50 வயதுக்குப் பின், நின்ற இடத்தில் விழுந்தே எலும்பு முறிந்ததா?

2. பெற்றோரில் யாருக்காவது இடுப்பெலும்பு முறிந்ததா?

3. இளவயதைவிட உயரம் 4 செ.மீ. அளவு குறைந்துள்ளதா? கூன் விழுகிறதா? வலியே தெரியாமல் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம். எக்ஸ்ரே காட்டிவிடும்.

4. ஆஸ்துமா, மூட்டுவாதம் போன்றவற்றுக்கு ஸ்டீராய்டு மாத்திரை 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டதுண்டா?

5. நீண்டகாலச் சர்க்கரை நோய் உண்டா? இவர்களுக்கு அடர்த்தி நன்றாக இருந்தும் எலும்பு முறியலாம்.

6. புகைப்பழக்கம் உண்டா?

இவற்றில் பலவற்றை வைத்து, அடுத்த 10 ஆண்டுகளில் எலும்பு முறியும் வாய்ப்பை மருத்துவர் 'ஃப்ராக்ஸ்' என்ற கணக்கீட்டில் பார்ப்பார். டெக்ஸா இல்லாமலும் இதைக் கணக்கிடலாம்.

விழும் அபாயம்

விழாத எலும்பு பெரும்பாலும் முறிவதில்லை. பெரியவரை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் அதிகம். கண் பார்வை, தூக்க மாத்திரை, உளூச் செய்யும் இடத்தின் வழுக்கல் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு இந்தப் பதில்களையும் எழுதி எடுத்துச் செல்வோம். ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நாமாக நிறுத்திவிடக் கூடாது.