லாஸ்பேட்டையில் விமானம் ஏறப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஐதராபாத்துக்குப் புதுச்சேரியிலிருந்து பறக்கப்போவதாக எழுதியிருந்தாய். நீ இருக்கும் மாமல்லபுரத்திலிருந்து சென்னை விமான நிலையமான மீனம்பாக்கம் சுமார் ஐம்பது கிலோமீட்டர். புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையோ கிட்டத்தட்ட நூறு. புதுச்சேரியில் உனக்குச் சிற்ப வேலை இருப்பதால்தான் சரி என்கிறேன்.

அந்த விமான நிலையத்தின் வினோதங்கள் பெரும்பாலும் ஓடுபாதையின் நீளத்திலிருந்து பிறப்பவை. அது ஏறக்குறைய 1,500 மீட்டர்தான். மீனம்பாக்கத்துப் பெரிய ஓடுபாதையில் பாதிகூட வராது. சென்னையில் நீ பார்க்கும் ஜெட் விமானங்களுக்கு அது போதாது. அதனால் ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம் வருகிறது. இரண்டு புரொப்பெல்லர், எழுபது சொச்சம் இருக்கைகள். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கடற்கரை நன்றாகத் தெரியும். அந்த இருக்கையைக் கேட்டு வாங்கு.

பயணிகள் ஏறும் கதவு வால் பக்கம் இருக்கிறது, முன்பக்கம் சரக்குக்கு. முன்வரிசைக்காகக் கூடுதல் பணம் கட்டினால் கடைசி ஆளாகத்தான் இறங்குவாய்! ஏறும்போது சில நேரம் வலப்பக்க எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும், அதன் விசிறி மட்டும் அசையாது. பயப்படாதே. தரையில் நிற்கும்போது விளக்குக்கும் குளிர்காற்றுக்கும் பெரிய விமானங்கள் வாலில் தனியாக ஒரு குட்டி எஞ்சின் வைத்திருக்கும். ஏடிஆரில் அது கிடையாது. அதனால் வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, விசிறிக்கு பிரேக் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். 'ஹோட்டல் மோட்' என்பார்கள்.

உனக்குச் சிக்கல் எடையில்தான். வெயில் ஏறினால் காற்று அடர்த்தி குறையும். மேலெழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். குட்டைப் பாதையில் அதற்கு இடமில்லை என்றால் சுமையைத்தான் குறைப்பார்கள். அரை அடிக் கனசதுரக் கருங்கல்லே ஒன்பது கிலோவைத் தாண்டும் என்பது உனக்குத் தெரியாததா? செக்-இன் வரம்பு பொதுவாக 15 கிலோ. பெரிய சிலைகளை லாரி பார்சலில் போடு. தலைக்கு மேலுள்ள பெட்டிகளும் சிறியவை. சக்கரப் பெட்டியை ஏணியடியிலேயே வாங்கிக்கொள்ளக்கூடும்.

டிக்கெட் எடுக்கும் முன் அந்த வாரம் விமானம் உண்டா என்றும் பார். லாஸ்பேட்டையில் சேவை வருவதும் நிற்பதும் வழக்கம். 2013இல் தொடங்கியது மறு ஆண்டே நின்றது. 2017இல் அரசின் 'உடான்' திட்டத்தின் மானியத்தோடு ஐதராபாத் சேவை வந்தது. 2024 மார்ச்சில் மறுபடி வெறிச்சோடியது; டிசம்பரில் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் தொடங்கியது. மானியம் சில ஆண்டுகளுக்குத்தான். அதன்பின் இருக்கை நிறைந்தால்தான் விமானம் என்பது என் கணிப்பு.

ரத்தானால் அடுத்த விமானம் மறுநாளாகவும் இருக்கலாம். ஆகவே வேலை நாளுக்கு முந்தின நாளே போய்ச் சேர். உளிகளைக் கைப்பையில் வைக்காதே, சோதனையில் பறிமுதல் செய்துவிடுவார்கள். முனைகளைத் துணியில் சுற்றி செக்-இன் பையின் அடியில் போடு.

அன்புடன்,
அண்ணன்