காலைப் பார்த்தால் ஆமை தெரியும்



போன மழைக்காலத்தில் நம் குழு உறுப்பினர் ஒருவர் ஆடு மேய்க்கப் போன கரட்டில் ஓர் ஆமையைப் பார்த்தார். "ஐயோ பாவம், தண்ணியில்லாம கெடக்குதே" என்று முந்தானையில் ஏந்தி வந்து கிணற்றில் விட்டார். இரண்டாம் நாள் அது செத்து மிதந்தது. காரணம் என்ன? அது தரையில் வாழும் ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. நல்ல மனசோடு செய்த காரியம்தான், ஆனால் விவரம் தெரியாததால் ஓர் உயிர் போய்விட்டது.

ஆமை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நாமும் நினைத்திருந்தோம். அப்படியில்லை. நம் பக்கம் காணப்படும் ஆமைகளை மூன்றாகப் பிரிக்கலாம். அடையாளம் கண்டுபிடிக்கக் காலைப் பார்த்தாலே போதும்.

தரை ஆமை

கால் யானைக்கால் போலத் தூணாக இருக்கும். விரலிடையில் சவ்வு கிடையாது. ஓடு மேடாகக் கவிழ்த்த சட்டி போல இருக்கும். நம் ஊர்க் காடு கரைகளில் உள்ள நட்சத்திர ஆமை இந்த வகை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும். புல், இலை, விழுந்த பழம்தான் முக்கிய உணவு.

குளத்து ஆமை

விரல்களுக்கு நடுவே வாத்துக்கால் போலச் சவ்வு இருக்கும். நகமும் உண்டு. ஓடு கொஞ்சம் தட்டையாக இருக்கும். குளம், ஏரி, வாய்க்காலில் வாழும். கோடையில் சில ஆமைகள் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும். ஏரி தூர்வாரும்போது மண்வெட்டியில் தட்டுப்படுவது இதனால்தான்.

கடல் ஆமை

கால் துடுப்பு போல இருக்கும். தலையையும் காலையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இதனால் முடியாது. பெண் ஆமை முட்டையிட மட்டும் கரைக்கு வரும். நம் கடற்கரைக்கு வரும் பங்குனி ஆமை ஒரு தடவையில் சுமார் 100 முட்டை இடும். 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும்.

கடலில் இருந்தாலும் இதுவும் நம்மைப் போல நுரையீரலால்தான் மூச்சு விடுகிறது. வலையில் மாட்டி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதைச் செய்தியில் பார்த்தோம்.

இரண்டு மூடநம்பிக்கை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று சிலர் ஆமையை அடித்து விரட்டுகிறார்கள். வேறு சிலர் வீட்டில் வளர்த்தால் பணம் சேரும் என்று நட்சத்திர ஆமையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டிலும் கஷ்டப்படுவது ஆமைதான். நமக்குப் பணம் சேருவது மாதாமாதம் கட்டும் சேமிப்பால்தானே தவிர, தொட்டியில் கிடக்கும் ஆமையால் அல்ல!

இன்னொன்றும் தெரிந்துகொள்வோம். நம் நாட்டு ஆமைகளைப் பிடிப்பது, வளர்ப்பது, விற்பது, கறி சமைப்பது எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. "பிடிச்சுக் குடு, காசு தர்றேன்" என்று யாராவது வந்தால் ஏமாந்துவிடாதீர்கள். மாட்டிக்கொள்வது பிடித்துக் கொடுத்தவர்தான்.

நாம் என்ன செய்யலாம்?

• தரை ஆமையைப் பார்த்த இடத்திலேயே விட்டுவிடுவோம். சாலையில் இருந்தால், அது போகும் பக்கத்து ஓரத்தில் விடுவோம்.
• தூர்வாரும்போது கிடைத்த ஆமையைப் பக்கத்துக் குளத்துச் சேற்றோரம் விடுவோம்.
• கடற்கரையில் முட்டையோ குஞ்சோ கண்டால் தொடாமல் வனத்துறைக்குத் தகவல் சொல்வோம்.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் ஊரில் எந்த ஆமை இருக்கிறது, அதன் கால் எப்படி இருக்கிறது என்று பேசுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இனி ஓர் ஆமைகூட நம் இரக்கத்தால் சாக வேண்டாம்.